ஏரிக்கரையில் எங்கள் கம்பெனி மூட்டை

2023 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்கு வேன் வந்து நின்று பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது என் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் பக்கத்துக் கிராமத்து வார்டு உறுப்பினர். ஏரிக்கரை, வேலிக்கருவை, நடுவில் கருகிப்போன ஒரு மேடு, அதன் ஓரத்தில் பாதி எரிந்த வெள்ளைச் சாக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாக்கின் வாயிலிருந்து ஜாப் கார்டு என்ற வேலை விவர அட்டை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் யூனிட் பெயர், லாட் நம்பர், எங்கள் கட்டிங் சூப்பர்வைசரின் கையெழுத்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. படத்துக்குக் கீழே ஒரே வரி: "இன்னாம்மா இது?"

அடுத்த இரண்டு மாதம் நான் பட்ட பாட்டை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். இந்தத் தொழிலில் இருக்கும் யாராவது முன்கூட்டியே என்னை உட்கார வைத்து, இப்படி இப்படி நடக்கும் என்று சொல்லியிருந்தால் பாதி அவஸ்தை குறைந்திருக்கும். அதனால்தான் தொகை உட்பட எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பேரணாம்பட்டுப் பக்கம் எங்களுக்கு ஷூ அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் யூனிட் இருக்கிறது. அப்பா ஆம்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கட்டராக இருபது வருஷம் வேலை பார்த்தவர். 2009-ல் ஆறு தையல் மெஷினோடு சொந்தமாக ஆரம்பித்தார். 2017-ல் அவருக்கு முதுகு ஒத்துழைக்காமல் போனதும் நான் எடுத்துக்கொண்டேன். 26 மெஷின், 34 பேர், அதில் 29 பேர் பெண்கள். தோலும் லைனிங்கும் பெரிய கம்பெனியிலிருந்து வரும். நாங்கள் வெட்டி, ஸ்கைவிங் செய்து (ஓரத்தைச் சீவி மெலிதாக்கி), சொல்யூஷன் என்ற பசை தடவி மடித்து, தைத்து, ஜோடிக் கணக்கில் திருப்பி அனுப்புவோம். முழுக்க ஜாப் ஒர்க்.

எங்கள் ஊரில் சுற்றுச்சூழல் என்ற வார்த்தையைக் கேட்டாலே எல்லோருக்கும் தோல் ஷாப்தான், அதாவது தோல் பதனிடும் டேனரிதான், ஞாபகம் வரும். 1991-ல் போட்ட வழக்கு, 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, டேனரி ஒவ்வொன்றுக்கும் ரூ.10,000 அபராதம், சுத்திகரிப்பு இல்லாதவற்றை மூடு என்ற உத்தரவு, இதெல்லாம் அப்பா வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். மாசு செய்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. நாடு முழுக்க சட்டக் கல்லூரிகளில் நம் வேலூர் பெயரைச் சொல்லித்தான் அதைப் பாடம் எடுக்கிறார்கள். ஆனால் அப்பா கதையை முடிக்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்: "அது தோல் ஷாப்காரங்க தலைவலி. நாம தைக்கிறவங்க. நம்மகிட்ட ஒரு சொட்டு சாயத் தண்ணி வெளிய போவுதா?" போகாது, உண்மைதான். அந்த நம்பிக்கையில்தான் நான் ஏமாந்தேன்.

தண்ணீர் வெளியே போகவில்லையே தவிர வேறு என்னென்னவோ போய்க்கொண்டிருந்தது. வெட்டி மிஞ்சிய தோல் துண்டு வாரத்துக்குச் சராசரியாக 150 கிலோ. லைனிங் துணி, ஃபோம் வெட்டு தனி. காலியான சொல்யூஷன் டின்கள். ஜெனரேட்டரிலிருந்து வடித்த பழைய ஆயில். இதில் தோல் வேஸ்டுக்கு ஒருவர் சனிக்கிழமைதோறும் டாடா ஏஸ் எடுத்து வருவார். கிலோவுக்கு மூன்று ரூபாய் கையில் கொடுத்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போவார். பில்லும் இல்லை, கேள்வியும் இல்லை. குப்பைக்கும் காசு வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம். அந்தப் பணத்தில் வாரா வாரம் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கு சூப்பர்வைசர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். முடி கருகின நாற்றம் அரை கிலோமீட்டருக்கு முன்பே வந்தது. விஷயம் இதுதான்: அந்த ஆள் உள்ளங்கை அகலத்துக்கு மேலான துண்டுகளைப் பொறுக்கி எடுத்து கீ செயின், பர்ஸ் செய்பவர்களுக்கு விற்கிறார். மீதியை ஏரிக்கரையில் கொட்டி இரவில் கொளுத்திவிடுகிறார். பல யூனிட்டுகளின் மூட்டைகள் அங்கே எரிந்திருக்கின்றன. அட்டை கருகாமல் தப்பித்தது எங்களுடையது மட்டும். பக்கத்தில் ஆரம்பப் பள்ளி. இரண்டு நாளாக வகுப்பறையில் புகை. முந்தின நாளே, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில், வேலூர் கலெக்டர் ஆபீஸில் மனு போய்விட்டது என்று வார்டு உறுப்பினர் சொன்னார். நான் அந்த வேஸ்ட்காரருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, 23-ஆம் தேதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து உதவிப் பொறியாளர் வந்தார். சத்தம் போடுவார், மிரட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு ஐந்து விஷயம் கேட்டார். இயக்குவதற்கான இசைவாணை எங்கே? அபாயக் கழிவுக்கான அங்கீகாரம் எங்கே? கழிவுப் பதிவேடு எங்கே? தோல் துண்டு யாரிடம் போகிறது, அதற்கு பில் எங்கே? ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ, புகைக்குழாய் எவ்வளவு உயரம்? நான் உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி, தொழிற்சாலை உரிமம், உள்ளாட்சி லைசென்ஸ் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மடித்து வைத்துவிட்டு, "மேடம், இதெல்லாம் வேற. நான் கேக்கறது வேற" என்றார்.

இதைப் படிக்கும் சிறு யூனிட்காரர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நம்மில் பலருக்கு இந்தக் குழப்பம் இருக்கிறது. உத்யம் பதிவு என்பது நாம் குறுந்தொழில் செய்கிறோம் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். மாசு வாரியத்தின் இசைவு தனி. அதுவும் ஒன்றல்ல, இரண்டு: 1974-ன் நீர்ச் சட்டத்தின் கீழ் ஒன்று, 1981-ன் காற்றுச் சட்டத்தின் கீழ் ஒன்று. தொடங்குவதற்கு முன் ஒருமுறை வாங்க வேண்டும், இயக்குவதற்கு மறுபடி வாங்க வேண்டும், முடிவுத் தேதிக்கு முன்னால் புதுப்பிக்க வேண்டும். அப்போது தொழிலைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகை பிரித்திருந்தார்கள். வெள்ளை வகைக்குத்தான் இசைவு தேவையில்லை. எங்களுடையது பச்சை. பச்சை என்றால் ஒன்றும் தேவையில்லை என்று நான் நினைத்திருந்தேன். நிறத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அப்பா காலத்து ஆணை ஒன்று ஃபைலில் இருந்தது. 2021 டிசம்பர் 31-ஓடு அதன் காலம் முடிந்திருந்தது. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. வேலூரில் ஒரு கன்சல்டன்ட்டிடம் புதுப்பிக்கச் சொல்லி 2021 நவம்பரிலேயே ரூ.35,000 கொடுத்திருந்தேன். "போட்டாச்சும்மா, ஆர்டர் வரும், லேட்டாகும்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். நானும் எக்ஸ்போர்ட் டெலிவரி, பெண்ணுக்கு பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று ஓடிக்கொண்டிருந்தேன். அதிகாரி முன்னால் உட்கார்ந்து வாரியத்தின் இணையதளத்தில் பார்த்தால், விண்ணப்பம் பாதி நிரப்பிய நிலையில் அப்படியே கிடக்கிறது. கட்டணமே கட்டவில்லை. அதைவிடக் கேவலம், அந்தக் கணக்கில் இருந்த ஈமெயிலும் போன் நம்பரும் அவருடையவை. விண்ணப்பத்தைப் பற்றி என்ன கேள்வி வந்தாலும் அவருக்குத்தான் போகும். என் கம்பெனியின் கதவுச் சாவி வேறொருவர் பாக்கெட்டில் இருந்திருக்கிறது.

கன்சல்டன்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள் இருக்கிறார்கள், இப்போதும் ஒருவரிடம்தான் சந்தேகம் கேட்கிறேன். ஆனால் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். பாஸ்வேர்டு உங்கள் நோட்டில் இருக்கட்டும். கட்டணத்தை அவர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டுங்கள். ரசீது உங்களிடம் வராதவரை விண்ணப்பம் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். இசைவு இல்லாமல் இயக்கியதற்கு அன்றைக்கு இருந்த சட்டப்படி குறைந்தது ஒன்றரை வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம் சிறை என்று இருந்தது. அந்த வரியைப் படித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தவள் எவ்வளவு நேரம் அங்கே இருந்தேன் என்று தெரியாது. வீட்டுக்காரர் வந்து, "ஏரிக்கரையில கொளுத்தனவன் எவனோ, உன்னைப் புடிச்சி உள்ள போட்டுடுவாங்களா?" என்று கேட்டார். அவர் ஆறுதலுக்குத்தான் கேட்டார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

அன்று இரவு இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய வாரியம் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. தொழிலின் மாசு எண், விதிமீறிய நாட்கள், ரூபாய்க் காரணி, கம்பெனி அளவு, ஊரின் அளவு, எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். பச்சை வகைக்கு 30, ரூபாய்க் காரணி 250, சிறு தொழிலுக்கு 0.5, சின்ன ஊருக்கு 1. பெருக்கினால் நாளுக்கு 3,750. அப்பாடா என்று பார்த்தால், எப்படிக் கணக்குப் போட்டாலும் நாளுக்கு ரூ.5,000-க்குக் குறையக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. இசைவு முடிந்து 419 நாள். ரூ.20,95,000. விடியற்காலை மூன்று மணிக்கு கால்குலேட்டரில் அந்த எண்ணைப் பார்த்தவள் மெஷின்களை விற்றால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். (கடைசியில் அந்தத் தொகையை யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம்.)

நோட்டீஸைவிடப் பெரிய அடி 28-ஆம் தேதி விழுந்தது. எங்களுக்கு வேலை தரும் கம்பெனியின் கம்ப்ளையன்ஸ் ஆபீஸர் போன் செய்தார். வெளிநாட்டு பிராண்டுகள் இப்போது தங்கள் சப்ளையரை மட்டும் பார்ப்பதில்லை, சப்ளையருக்கு ஜாப் ஒர்க் செய்யும் என் மாதிரி ஆள் வரைக்கும் ஆடிட் வருகிறது. இசைவாணை கையில் வரும்வரை ஒரு ஜோடி கூட அனுப்ப முடியாது என்றார். வெட்டி வைத்திருந்த 1,800 ஜோடியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி சீல் வைக்கவில்லை, கரண்ட் கட் பண்ணவில்லை. ஆனாலும் கம்பெனி நின்றுபோனது. சரியாக 47 நாள்.

34 பேரை வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. பாதிக் கூலி தருகிறேன், வேறு எங்கும் போய்விடாதீர்கள் என்றேன். கூட்டிச் சொல்லும்போது ஒரு பெண் மட்டும் தலை குனிந்து நின்றாள். போஸ்ட் பெட் என்ற தையல் மெஷினில் எங்களிடம் இருப்பவர்களிலேயே கை சுத்தமானவள். எல்லோரும் போன பிறகு வந்து சொன்னாள்: "அக்கா, அந்த மனுவுல நானும் கையெழுத்து போட்டேன். எம் பையனுக்கு இளைப்பு. ரெண்டு நாளா ராத்திரி முழுக்க உக்காத்தி வெச்சிக்கினு இருந்தேன். நம்ம கம்பெனி மூட்டைன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் போட்டிருப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. நேர்மையாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் கோபம்தான் வந்தது. ஐந்து வருஷமாக இங்கே சம்பளம் வாங்குகிறவள், முதலில் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே என்று. வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்கும்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்களில் ஒன்பது பேர் அந்த ஊர்க்காரர்கள். நான் மூன்று ரூபாய்க்கு விற்ற புகை அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குள் போயிருக்கிறது. அந்த டீயும் பன்னும் இனி எப்படி இறங்கும்?

இந்தப் புகை சாதாரணப் புகை இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நாங்கள் வெட்டுவது பெரும்பாலும் குரோம் போட்டுப் பதனிட்ட தோல். தோலுக்குள் இருக்கும் வரை அந்தக் குரோமியம் ஓரளவு சாது. எரித்தால் அதில் ஒரு பங்கு ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். அது புற்றுநோய் வரவைப்பது, தண்ணீரில் கரைந்து ஓடுவது. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுமேட்டையும் அதைச் சுற்றி மஞ்சளாக ஊறும் தண்ணீரையும் பார்த்தவர்களுக்கு அது என்ன என்று தெரியும். நம் ஏரிக்கரைச் சாம்பலும் மழை வந்தால் ஏரிக்குள்தான் போகும்.

அதனால் சாம்பலை நானே அள்ளுவது என்று முடிவு செய்தேன். வக்கீல் வேண்டாம் என்றார், அள்ளினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். உதவிப் பொறியாளரிடமே போய்க் கேட்டேன். "அள்ளுங்க. ஆனா பாலாத்துல கொண்டுபோய்க் கொட்டாதீங்க" என்றார் சிரிக்காமல். கையுறை, முகக்கவசம் போட்டு, அடி மண்ணோடு சேர்த்து அள்ளினோம். 23 மூட்டை. மாதிரி சோதனைக்குப் போனது, குரோமியம் இருக்கிறது என்று வந்தது. அதைப் போடுவதற்கு அனுமதி பெற்ற இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். சாதாரண லாரியில் ஏற்ற முடியாது. அங்கீகாரம் பெற்ற வண்டி, கூடவே படிவம் 10 என்ற கழிவு அனுப்புச் சீட்டு. 23 மூட்டைக்கு ஒரு வண்டி கட்டுப்படியாகாது. பக்கத்திலிருந்த இரண்டு யூனிட்காரர்களிடம் பேசினேன். அவர்கள் மூட்டையும் அங்கே எரிந்திருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் சேர்ந்துகொண்டார். இன்னொரு பாய், "உன் அட்டைதானேம்மா கெடச்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விண்ணப்பத்தை இந்த முறை நானே உட்கார்ந்து போட்டேன். ஆறு இரவுகள். பழைய விண்ணப்பத்தை எடுத்துப் படித்தபோது இன்னொரு அதிர்ச்சி. அதில் நாங்கள் 8 மெஷின், 10 ஆட்கள், 15 கேவிஏ ஜெனரேட்டர். நிஜத்தில் 26 மெஷின், 34 ஆட்கள், 40 கேவிஏ. கம்பெனி வளர வளர யாரும் வாரியத்துக்குச் சொல்லவில்லை. இசைவாணை நாம் எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் செல்லும். தேதி இருந்திருந்தாலும் அந்தக் காகிதம் எங்களுக்கு உதவியிருக்காது. உங்கள் ஆணையை எடுத்து மூன்று இடத்தைப் பாருங்கள்: முடியும் தேதி, உற்பத்தி அளவு, கழிவுநீரும் புகைக்குழாயும் பற்றிய அட்டவணை. இந்த மூன்றும் இன்றைய நிலவரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பத்து நிமிஷம் போதும்.

கேட்கும் விவரங்கள் பயமுறுத்தும், ஆனால் புரியாதவை இல்லை. கட்டணம் நிலம், கட்டடம், மெஷின் எல்லாவற்றின் மதிப்பைப் பொறுத்தது, அதற்கு ஆடிட்டர் சான்றிதழ் வேண்டும். தண்ணீர்க் கணக்கு கேட்பார்கள்: ஆளுக்கு 45 லிட்டர் என்று 34 பேருக்கு 1,530 லிட்டர் போட்டேன், செப்டிக் டேங்க் அளவு அதற்குத் தாங்குமா என்று காட்டினேன். ஜெனரேட்டர் புகைக்குழாய்க்கு ஒரு கணக்கு இருக்கிறது. கேவிஏ எண்ணின் வர்க்கமூலத்தை 0.2-ஆல் பெருக்கி, கட்டட உயரத்தோடு கூட்ட வேண்டும். 40-க்கு அது சுமார் 1.26 மீட்டர். எங்கள் கட்டடம் 6 மீட்டர், ஆக 7.26 மீட்டர் வேண்டும். இருந்த குழாய் தோள் உயரத்தில் பக்கத்து வீட்டுக் கொட்டகையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஆறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தது சும்மா இல்லை.

நேர்விசாரணைக்குப் போனபோது படங்கள், சாம்பல் அனுப்பிய சீட்டு, கட்டண ரசீது, கன்சல்டன்ட்டுக்குப் பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்திருந்தேன். "எரிச்சது நான் இல்லை" என்று ஆரம்பித்தேன். எதிரில் இருந்த அதிகாரி குறுக்கிட்டு, "யார் எரிச்சாங்கன்னு நான் கேக்கல. உங்க வாசலை விட்டுப் போனப்ப யார்கிட்ட போச்சு, அவருக்கு அதை வாங்க அனுமதி இருக்கா, அதுக்கு உங்ககிட்ட காகிதம் இருக்கா?" என்றார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இல்லை என்றே சொன்னேன். எச்சரிக்கையோடும் சில நிபந்தனைகளோடும் விட்டார்கள், விட்டுப்போன காலத்துக் கட்டணத்தையும் கட்டச் சொன்னார்கள். ஏப்ரல் நடுவில் ஆணை வந்தது. டேனரிக்காரர்கள் சிலர், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சந்தா கட்டிவிட்டால் தங்கள் வேலை முடிந்தது என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் அப்படி ஒரு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பணம் கட்டிவிட்டோம் என்ற நினைப்பு எனக்கும் இருந்ததுதான், அளவு சின்னது, அவ்வளவே.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வேலை இல்லாத 40 வேலை நாளுக்குப் பாதிக் கூலி ரூ.2,72,000. கன்சல்டன்ட்டிடம் போனது ரூ.35,000. கட்டணம், நிலுவை, ஆடிட்டர் சான்றிதழ் எல்லாம் சேர்த்து ரூ.61,000. சாம்பல், சோதனை, என் பங்கு வண்டி வாடகை ரூ.46,500. புகைக்குழாயும் ஜெனரேட்டருக்குச் சத்தம் அடக்கும் கூண்டும் ரூ.88,000. ஓடாத மெஷின்களுக்கு இரண்டு மாதத் தவணை ரூ.82,000. மொத்தம் ரூ.5,84,500. அந்த இரண்டு மாத லாபம் போனதை இதில் சேர்க்கவில்லை. நாலு வருஷத்தில் அந்த வேஸ்ட்காரரிடம் நான் வாங்கியது மொத்தமே தொண்ணூறாயிரத்துச் சொச்சம்.

இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆணையோடு வந்த நிபந்தனைகள் எல்லாம் ஆங்கிலம். என் பெண்ணும் நானும் உட்கார்ந்து தமிழில் எழுதி, கட்டிங் டேபிளுக்கு எதிரில் ஒட்டியிருக்கிறோம். தோல் துண்டை மூன்றாகப் பிரிக்கிறோம்: பெரிது, சிறிது, லைனிங்கும் ஃபோமும். சனிக்கிழமை எடை போட்டு நோட்டில் ஏற்றுகிறோம். வாங்குபவருக்கு ஜிஎஸ்டி பில். முதல் முறை பில் போடுவதற்கு முன் அவர் ஷெட்டுக்கு நானே போய், அங்கே அது என்னவாகிறது என்று பார்த்துப் படம் எடுத்து வந்தேன். அவருக்குக் கொஞ்சம் கோபம்தான். பரவாயில்லை.

பழைய ஆயிலும் காலிச் சொல்யூஷன் டின்னும் அபாயக் கழிவுப் பட்டியலில் வருகின்றன. 2016-ன் விதிப்படி அங்கீகாரம் வாங்க வேண்டும், 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, படிவம் 3-ல் பதிய வேண்டும், ஜூன் 30-க்குள் போன நிதியாண்டுக் கணக்கைப் படிவம் 4-ல் அனுப்ப வேண்டும். அந்தத் தேதியைப் போனில் மூன்று அலாரமாக வைத்திருக்கிறேன். டின் விஷயத்தில் இன்னொரு அசிங்கமும் உண்டு. அது வரை காலி டின்களை எங்கள் பெண்களே கேட்டு வாங்கிப் போவார்கள். நல்ல தகர டின் என்று தண்ணீர் பிடிக்க, அரிசி போட. நானும் தாராளமாகக் கொடுத்தேன். நிறுத்தியபோது சிலருக்கு வருத்தம். காரணம் சொன்னதும், "இத்தினி நாளா குடிச்சிட்டோமே அக்கா" என்றாள் ஒருத்தி. என்ன பதில் சொல்வது?

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் தொழிற்சாலைகள் பற்றி மறுபடி ஒரு தீர்ப்பு தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்து, மாசு செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. அப்பா பேப்பரைப் படித்துவிட்டு, "இருபத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றார். தோல் ஷாப்காரங்க தலைவலி என்று இந்த முறை சொல்லவில்லை.

லைனிங், ஃபோம் வெட்டுக்கு மட்டும் இன்னும் ஒழுங்கான ஆள் கிடைக்கவில்லை. போன மாதம் ஒருவர் வந்தார். "பில் வாணாம்னா சொல்லுங்க, ஃபோமையும் சேத்து எடுத்துக்கறேன், தோலுக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபா கூடவே தரேன்" என்றார். எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். போன சனிக்கிழமை எடை போட்டபோது ஷெட்டின் மூலையில் ஃபோம் மட்டும் 163 கிலோ சேர்ந்திருந்தது.